வகுப்பறை அரசியலும் அலுவலக அரசியலும்: கேள்வி பதில்

சட்டமன்றக் குழு ஒன்றின் ஆய்வுப் பிரிவில் பல வருடம் உறுப்பினர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவன். இப்போது பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அரசியல் படிப்பையும் அதைச் சார்ந்த வேலைகளையும் எப்படி இணைப்பது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவி: மூணு வருஷமா கோட்பாடுதான் படிக்கிறோம் சார். வேலையில் எதுவாவது உதவுமா?

உதவும்மா, ஆனால் பெயர் சொல்லிக்கொண்டு வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேலதிகாரி ஒரு மசோதாவை நீட்டி, "இதை யாரெல்லாம் நிறுத்த முடியும்?" என்றார். வகுப்பில் 'வீட்டோ பிளேயர்' என்று படித்தது இதுதான் என்று புரிய ஒரு மணி நேரம் ஆனது. நிதித்துறை, கூட்டணிக் கட்சி, மேலவை, நீதிமன்றம் என்று ஒரு தாளில் எழுதி, யாருக்கு என்ன கிடைத்தால் வழிவிடுவார்கள் என்று பக்கத்தில் குறித்துக் கொடுத்தேன். கோட்பாட்டைச் சொன்னவர் பெயரை நான் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

உதவிப் பேராசிரியர்: முன்னாள் அதிகாரிகளைச் சிறப்புரைக்கு அழைக்கிறோம். கைதட்டலோடு முடிந்துவிடுகிறது.

பேசச் சொன்னால் பேசிவிட்டுத்தான் போவார். அடுத்த முறை மாணவர்கள் எழுதிய மூன்று கொள்கைக் குறிப்புகளை முந்தின நாளே அனுப்பி, சிவப்புப் பேனாவோடு வரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புக்கு வந்த ஓர் அம்மையார் முதல் தாளின் முதல் பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, "இதைப் படிக்க எனக்கு நேரமிருந்திருக்காது" என்றார். அந்தப் பையன் அதன் பிறகு எழுதுவதே வேறு மாதிரி.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்ற சூட்டில், 1872இல் பாரிஸில் எமில் பூத்மி தொடங்கிய பள்ளியில், அதாவது அரசியல் படிப்புக்குப் பெயர்பெற்ற இன்றைய சியான்ஸ் போ பல்கலைக்கழகத்தில், பணியில் இருந்த அதிகாரிகளும் பாடம் நடத்தினார்கள். ஒரு நாள் வந்து பொன்னாடை வாங்கிப் போனவர்கள் இல்லை அவர்கள்.

முதுகலை மாணவர்: கொள்கைக் குறிப்பு எழுதினேன். "கட்டுரை மாதிரி இருக்கிறது" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். என்ன வித்தியாசம்?

கட்டுரையைப் படிப்பவருக்கு உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். குறிப்பைப் படிப்பவர் இன்னும் அரை மணி நேரத்தில் கூட்டத்துக்குள் போக வேண்டும். அவருக்கு உங்கள் அறிவில் அக்கறை இல்லை, தான் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் அக்கறை.

மாணவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்கள்: "கூட்டாட்சி என்பது அதிகாரப் பகிர்வின் ஒரு வடிவம்..." நான் அதை அடித்துவிட்டு எழுதுவது: "7ஆம் பிரிவை ஆதரிக்கலாம். உட்பிரிவு 2இல் காலக்கெடு இல்லை, அதை மட்டும் திருத்தக் கோரலாம்." காரணங்கள் அடுத்து வரட்டும். செலவு எவ்வளவு, யார் எதிர்ப்பார்கள், எதிர்த்தால் என்ன பதில் சொல்வது என்பதோடு இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். உங்கள் பரிந்துரைக்கு எதிரான வலுவான வாதத்தை மறைக்காதீர்கள். கூட்டத்தில் அதை வேறொருவர் கிளப்பினால் உங்கள் ஆள் திணறுவார், அடுத்த குறிப்பை உங்களிடம் கேட்கமாட்டார்.

சுருக்கி எழுதுவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். இருபது பக்கம் படிக்காமல் அந்த இரண்டு வரி வராது.

இளங்கலை மாணவர்: இன்டர்ன்ஷிப்பில் தபால் பிரிக்கத்தான் விட்டார்கள். வீண்தானே?

எந்தத் தபாலுக்கு அன்றே பதில் போனது, எது மேசையிலேயே கிடந்தது என்று கவனித்தீர்களா? அது ஓர் ஆய்வேட்டுக்கான விஷயம் தம்பி. சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் வேலை வாங்குவது வேறு பிரச்சினை. அதற்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் போக முடியும். மதிப்பெண்ணாவது உண்டா, பொறுப்பாசிரியர் யார் என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

துறைத் தலைவர்: நாம் என்ன தொழிற்பயிற்சிக் கூடமா? விமர்சனப் பார்வை மழுங்கிவிடாதா?

நியாயமான பயம்தான் ஐயா. குறிப்பு எழுத மட்டுமே கற்றவன் யாருக்கு வேண்டுமானாலும் எழுதுவான். அதனால்தான் 1919இல் மியூனிக்கில் மாணவர்கள் முன் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், அரசியலைத் தொழிலாக ஏற்பது பற்றி ஆற்றிய உரையை இதே பாடத்தில் வைத்திருக்கிறேன். கொள்கைப் பிடிப்பு ஒரு பக்கம், விளைவுக்குப் பொறுப்பேற்பது மறுபக்கம் என்று அவர் பிரித்துக் காட்டியதை, வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் வாசிக்கும் விதமே தனி.

விமர்சனப் பார்வை மழுங்காமலிருக்க இன்னொரு வழியும் உண்டு. பல நாடாளுமன்றக் குழுக்கள் பொதுமக்களிடம் எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்கின்றன. வகுப்பே சேர்ந்து ஒன்று அனுப்பலாம். அனுப்பிய பிறகு, வேறு யாரெல்லாம் அனுப்பினார்கள் என்று பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். அலுவலகமும் ஆட்களும் உள்ள சங்கங்கள் வரிசையாக நிற்கும், பாதிக்கப்படுகிறவர்களைத் தேடத்தான் வேண்டும். பிரதிநிதித்துவம் பற்றி அதன்பின் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை நான் பாடம் நடத்தி வரவழைத்ததில்லை.

பெயர் சொல்ல விரும்பாதவர்: மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடித்து விவாதிக்கும் மாதிரி ஐ.நா. அவை நடத்துவதால் பயனுண்டா?

மேடைப் பயம் போகும். பேரம் பேசவும் வரவேண்டும் என்றால், பாதியில் ஒரு சீட்டை நீட்டுங்கள்: "உங்கள் அரசு நிலைப்பாட்டை மாற்றிவிட்டது. இன்று மாலைக்குள் புது வரைவு." இடைவேளையில் வராந்தாவில் யார் யாரைத் தேடி ஓடுகிறார்கள் என்று பாருங்கள். நான் மதிப்பெண் போடுவது அங்கேதான்.