பேஸ் ஆம்ப் வாங்க பர்சனல் லோன் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருநெல்வேலி பக்கம் ஒரு இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வயது 29. பகலில் செல்போன் கடையில் வேலை, சம்பளம் 14,000. போன வருடம் 46 புரோகிராம், ஒன்றுக்கு 2,500 ரூபாய். அதில் 35க்கு சவுண்ட் சர்வீஸ் வந்துவிடும். மீதி 11 சின்ன மண்டபம், ஓட்டல் ஹால். அங்கே என் பழைய 100 வாட் காம்போதான் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), சத்தம் பத்தவில்லை. 800 வாட் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), நாலு பத்து இன்ச் ஸ்பீக்கர் உள்ள பெட்டி இரண்டும் 1,28,000க்கு கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன் (போட்டோ அனுப்பியுள்ளேன்). கையில் இருந்த 38,000இல் 5,000 முன்பணம் கொடுத்தாயிற்று. மீதி 90,000க்கு 16 சதவீத வட்டியில் இரண்டு வருட பர்சனல் லோன் தயார். வாடகைக்கு எடுத்தால் நாளுக்கு 1,500 ஆகிறது. மச்சான் வேண்டாம் என்கிறார். கார்த்திகையில் மனைவிக்குப் பிரசவம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கொட்டேஷன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பெட்டிக்கும் நேரே 4 ஓம் என்று இருக்கிறது (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை; அது குறையக் குறைய ஹெட்டுக்குச் சுமை கூடும்). ஹெட்டுக்கு நேரே ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்றும் இருக்கிறது. வழக்கம்போல இரண்டு பெட்டியையும் பேரலலாக (பக்க இணைப்பாக) மாட்டினால் லோடு 2 ஓம் ஆகிவிடும். பாதுகாப்பு வசதி உள்ள ஹெட் என்றால் பாட்டு நடுவில் தானாக நின்றுபோகும். அது இல்லாத ஹெட் என்றால் அவுட்புட் பகுதியே போய்விடும். இரண்டு பெட்டி மாட்ட வேண்டுமானால் இரண்டும் 8 ஓமாக இருக்க வேண்டும். ஆக, கடனை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கொட்டேஷன் உங்களுக்கு ஆகாது.

இப்போது கடன். 90,000க்கு 16 சதவீதத்தில் 24 மாதத் தவணை சுமார் 4,407 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1,05,760 போயிருக்கும், வட்டி மட்டும் பதினைந்தாயிரத்துச் சொச்சம். கைக்காசையும் சேர்த்தால் செலவு 1,43,760. பெரிய ஆம்ப் நிஜமாகத் தேவைப்படும் 11 புரோகிராமுக்கும் வாடகைக்கே எடுத்தாலும் வருடத்துக்கு 16,500தான். எட்டரை வருடத்துக்கு மேல் வாடகைக்கு ஓட்டலாம்!

கோயில் கொடை சீசனிலும் முகூர்த்த மாதங்களிலும் நாலாயிரம் ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஐப்பசி மழையில் திறந்தவெளி மேடை ஏது? மார்கழியில் கல்யாணம் ஏது? தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். அந்த மாதங்களில் அது சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பிரசவமும் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது. மிச்சமிருக்கும் 33,000 பிரசவத்துக்கான பணம். அதை ஆம்ப் பக்கம் திருப்பாதீர்கள்.

சரி, அந்த 35 புரோகிராமுக்கு 800 வாட் எதற்கு? கல்லூரி நாட்களில் நானும் மூன்று வருடம் பேஸ் வாசித்தவன் என்பதால் இதைக் கேட்கிறேன். ஒரு அம்மன் கோயில் கொடையில், கெத்தாக இருக்கட்டும் என்று ஆம்பை ஏற்றிக்கொண்டே போனேன். சவுண்ட்காரர் மிக்ஸரில் என் சத்தத்துக்கான ஃபேடரை இறக்கிக்கொண்டே வந்தார். இடைவேளையில் மேடைக்கு வந்து, “அண்ணே, பாடுறவங்க மைக்குலயும் உங்க பேஸ்தான் வருது. லைன் மட்டும் குடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்” என்றார். லைன் என்றால் கிட்டாரிலிருந்து மிக்ஸருக்கு நேராகப் போகும் சிக்னல். கூட்டத்துக்குச் சத்தம் கொடுப்பது அவருடைய சப்-ஊஃபர்கள். மேடையில் இருக்கும் ஆம்ப் உங்கள் காதுக்கும், பக்கத்தில் நிற்கும் டிரம்மருக்கும்தான். நாலு கம்பி பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி என்றால் 31. அந்த ஆழத்தைத் திறந்தவெளியில் கடைசி வரிசை வரை தள்ளுவது மேடைப் பெட்டியின் வேலையே இல்லை.

வாட் மோகம் பற்றியும் ஒரு வார்த்தை. 500 வாட்டுக்கும் 800 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 டெசிபல். விலையில் தெரிகிற அளவுக்குக் காதில் தெரியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு டிஐ அவுட் (மிக்ஸருக்கு லைன் அனுப்பும் சாக்கெட்) உள்ள ஒரு பேஸ் ப்ரீஆம்ப் பெடல் (டோனைச் சரிசெய்யும் சின்னப் பெட்டி) மட்டும் வாங்குவேன். பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் பாருங்கள். உங்கள் டோன் உங்கள் கையில் இருக்கும், சவுண்ட்காரருக்கு இரைச்சல் இல்லாத லைன் போகும், பழைய காம்போ மேடையில் மானிட்டராக நிற்கும். சின்ன ஹாலில் பாடகர்களுக்கு எப்படியும் ஸ்பீக்கர் இருக்கும் அல்லவா, அந்த மிக்ஸரிலேயே லைனைக் கொடுத்துப் பாருங்கள். 11இல் பாதிக்கு அதுவே போதலாம். ஆனால் மைக்குக்காக வைத்த குட்டி ஸ்பீக்கரில் பேஸை அளவாக விடுங்கள், கோன் கிழியும்.

ஆம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. புரோகிராமுக்கு 500 ரூபாய் தனிக் கணக்கில் போடுங்கள். 46 புரோகிராம் என்றால் வருடத்துக்கு 23,000. கடன் தவணை மாதிரி இல்லை, புரோகிராம் இல்லாத மாதம் போட வேண்டியதில்லை. சேர்ந்ததும் கிளாஸ்-டி (எடை குறைந்த வகை) ஹெட் ஒன்றும், 8 ஓம் பெட்டி ஒன்றும் வாங்கலாம். செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை, வாசித்துப் பார்த்து வாங்குங்கள். ஹெட் சில கிலோதான் இருக்கும், பைக்கிலேயே போய்விடலாம். 500 வாட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 4 ஓம் கணக்கு. ஒற்றை 8 ஓம் பெட்டியில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் வரும். சின்ன ஹாலுக்கு அது தாராளம். பின்னால் அதேபோல இன்னொரு பெட்டி சேர்த்தால் முழு பவரும் வரும்.

குழு நடத்துபவர் பெரிய ஆம்ப் வேண்டும் என்கிறாரா? அப்படியானால் சம்பளம் 2,500இலிருந்து ஏறுமா என்று கேளுங்கள். ஏறாது என்றால் அந்த 11 நாள் வாடகை குழுவின் செலவில் போகட்டும். கீபோர்டுக்காரர் கேட்டிருந்தால் நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

மிச்சம் அந்த 5,000. முன்பணம் போய்விடுமே என்று 90,000 கடனில் இறங்காதீர்கள். கொட்டேஷனைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அந்த 4 ஓம் விஷயத்தைக் காட்டுங்கள். பொருத்தமில்லாத சாமானை எழுதிக் கொடுத்தது அவர்கள் தவறு. பணத்தைத் திருப்பித் தரத் தயங்கினால், அதே கடையில் ப்ரீஆம்ப் பெடலை எடுத்துக்கொண்டு முன்பணத்தை அதில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.