படிப்பை விட்டு வருடங்கள் ஆன பிறகு யார் தருவார்கள் ஸ்காலர்ஷிப்?

"இந்த வயசுல எனக்கு யார் சார் ஸ்காலர்ஷிப் தருவாங்க?" முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று வயதைச் சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி சிரிப்பார்கள். தருபவர்கள் இருக்கிறார்கள். சில நிதிகளில் வயதுதான் தகுதியே.

அமெரிக்காவில் பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளையின் பணத்தில் பல பல்கலைக்கழகங்கள் ஓர் உதவித்தொகை தருகின்றன. படிப்பில் குறைந்தது ஐந்து ஆண்டு இடைவெளி விழுந்திருக்க வேண்டும், வயது 25 முதல் 50-க்குள், படிப்பது முதல் இளங்கலைப் பட்டமாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் இதற்கு மனுப் போடவே முடியாது. அதே நாட்டில் 1916-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் ஜெனட் ராங்கின் விட்டுச்சென்ற சொத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 1976-ல் ஒரு நிதி தொடங்கினார்கள். 35 வயதும் அதற்கு மேலும் ஆன, வருமானம் குறைந்த பெண்கள் படிப்பதற்காக. பிரிட்டனிலோ 21 வயதைத் தாண்டி இளங்கலையில் சேர்ந்தாலே முதிர்ந்த மாணவர் என்றுதான் கணக்கு. ஆக, யாரை 'வயது வந்த மாணவர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நிதிக்கு நிதி மாறும். அந்த ஒரு வரியை முதலில் படியுங்கள். பாதி விண்ணப்பங்களை நீங்களே ஒதுக்கிவிடலாம்.

நன்கொடைப் பணம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். பெரும்பாலும் ஒருவர் பெரிய தொகையைக் கல்லூரியிடம் கொடுக்கிறார். கல்லூரி அதை முதலீடு செய்து, வருடத்துக்கு நூறுக்கு நான்கோ ஐந்தோ எடுத்துச் செலவு செய்கிறது. மரத்தை வெட்டாமல் காயை மட்டும் பறிப்பது போல. அதனால் ஒரு வருடத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் கொடுக்க முடியும். யாருக்கு என்பது பணம் கொடுத்த நாளில் எழுதிய பத்திரத்தில் இருக்கும். கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை மாற்ற முடியாது, ஆனால் எந்த நிதிக்கு ஆள் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். செவிலியராக வேலை பார்த்தவருக்கு, தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு, குறிப்பிட்ட ஒரு தொழிலில் இருந்த குடும்பத்துக்கு என்று நிபந்தனை குறுகக் குறுகப் போட்டியும் குறையும். "என் நிலைமை இது, இதற்குப் பொருந்துகிற நிதி ஏதாவது இருக்கிறதா?" என்று நிதி உதவி அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். இணையதளத்தில் மணிக்கணக்காகத் தேடுவதைவிட இந்த ஒரு கேள்வி அதிகம் தரும்.

சரி, விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பணம் கேட்கிறோம் என்றதும் கண்ணீர்க்கதை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். பட்ட கஷ்டம் எல்லாம் வரிசையாக வரும், கடைசியில் "தாங்கள் மனது வைத்தால்" என்று முடியும். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் இரக்கமில்லாதவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் மேஜைமேல் இருக்கும் எல்லா விண்ணப்பத்திலும் கஷ்டம் இருக்கிறது. அவர்களுக்கு உள்ளூர இருக்கும் சந்தேகம் வேறு: ஒரு முறை பாதியில் விட்டவர், இந்த முறை முடிப்பாரா? இதற்குப் பதில் சொல்லாத கட்டுரை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பயன் இல்லை.

"குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர இயலவில்லை" என்று எழுதினால் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டாம் ஆண்டில் அப்பா படுத்த படுக்கையானார். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது தங்கையும் சம்பாதிக்கிறாள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள மேலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்." இதில் அழுகை இல்லை. அன்று ஏன் நின்றது, இன்று என்ன மாறியிருக்கிறது என்று தெரிகிறது. அந்த இரண்டாவது பாதிக்குத்தான் மதிப்பெண். அரியர் இருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படியும் மதிப்பெண் சான்றிதழில் பார்க்கத்தான் போகிறார்கள். இந்த இடைவெளியில் ஒரே ஒரு சான்றிதழ்ப் படிப்பையாவது முடித்திருந்தால் அதை மேலே கொண்டுவாருங்கள். இன்றும் உங்களால் உட்கார்ந்து படிக்க முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பழைய பேராசிரியரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் முகமே நினைவில்லாதவர் எழுதும் கடிதம் வெறும் சம்பிரதாயம். மேலதிகாரியின் கடிதம் செல்லுமா என்று கேளுங்கள். வயது வந்த மாணவர்களுக்குப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொரு வேலையை இன்றைக்கே தொடங்கலாம். பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் சான்றிதழை வாங்குங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் சில கல்லூரிகள் அதைத் தராமல் நிறுத்தி வைக்கும், நூலகப் புத்தகம் ஒன்று திருப்பப்படாமல்கூட இருக்கலாம். முன்பு தேறிய பாடங்களில் எத்தனையைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் என்று எழுத்தில் வாங்குங்கள். அறிவியல், கணினிப் பாடங்கள் பழையவை என்று கழித்துவிடும் இடங்கள் உண்டு. எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு பணம் வேண்டும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

பணம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்ததும் வேலையை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்குத்தான். இருபது வயது மாணவருக்கு அது போதும். உங்களுக்குப் பெரிய செலவு, நின்றுபோகும் சம்பளம். பகுதி நேரமாகப் படித்தால் செல்லுமா, முழு நேரம் கட்டாயமா? ஒரு வருடத்துக்கா, படிப்பு முடியும் வரையா? தொடர்ந்து கிடைக்க எத்தனை மதிப்பெண் வேண்டும்? உடல்நலக் குறைவால் ஒரு பருவம் நிறுத்தினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டுமா? இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: வெளியிலிருந்து ஒரு உதவித்தொகை வந்தால், கல்லூரி தான் தருவதாகச் சொன்ன உதவியில் அந்த அளவைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. அப்படி நடந்தால், கல்லூரி தரும் உதவியில் திருப்பித் தர வேண்டாத மானியத்தில் கைவைக்காமல், கடனாகத் தரும் பகுதி இருந்தால் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால்தான் செய்வார்கள்.

"பணம் கொடுத்த நன்கொடையாளருக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்றும் சிலர் கேட்பார்கள். வழக்கமாக ஒரு நன்றிக் கடிதம், சில இடங்களில் ஒரு நிகழ்ச்சிக்கு வரச் சொல்வார்கள். நாலு வரி எழுதுங்கள்: என்ன படிக்கிறேன், இந்தப் பணத்தால் எது சாத்தியமானது. உங்கள் படத்தையோ குடும்பக் கதையையோ விளம்பரத்துக்குப் போடக் கேட்டால், விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் வேலை தரும் நிறுவனமே படிக்க வைப்பது வேறு கதை. அங்கே படித்து முடித்தபின் இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

கடைசித் தேதி பல நிதிகளுக்கு, வகுப்பு தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். தவறிவிட்டதா, முதல் வருடம் கிடைக்கவில்லையா? ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நிதிகளும் இருக்கின்றன. பகுதி நேரத்துக்கு இடமிருந்தால், கைக்காசில் ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் எடுத்து நல்ல மதிப்பெண்ணில் முடியுங்கள். அப்புறம் அந்தப் புதிய மதிப்பெண் பட்டியலோடு மறுபடி விண்ணப்பியுங்கள்.