கேளுங்க அண்ணாச்சி: எம்பி பேசுன கணக்கு

கேள்வி: எங்க எம்பி பார்லிமென்ட்ல இத்தன கேள்வி கேட்டாரு, இத்தன விவாதத்துல பேசுனாருன்னு பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸ் வச்சிருக்காவ அண்ணாச்சி. இத நம்பலாமா? (வாசகர், முக்கூடல்)

பதில்: எண்ணிக்கை பொய்யா இருக்காதுவே, ஆனா அத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. லோக்சபால ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20தான், அதுக்கு மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், நட்சத்திரம் இல்லாதது 230 வரைக்கும் போகும், அதுக்கெல்லாம் எழுத்துல பதில் வந்துரும், சோலி முடிஞ்சுது. பிளக்ஸ்ல ரெண்டையும் சேத்துத்தான் கூட்டிருப்பாவ.

உங்க ஊரு பீடியவே எடுத்துக்கிடும். 2017ல ஜிஎஸ்டி வந்தப்போ பீடிக்கு 28 சதவீதம் போட்டாவ. 'பீடிக்கு வரி எவ்வளவு'ன்னு எழுதிக் கேட்டா அதுவும் ஒரு கேள்விதான், கணக்குல ஏறிரும். அதையே நட்சத்திரக் கேள்வியா குடுத்து, குலுக்கல்ல பேரு வந்து, மந்திரி பதில் சொன்ன சூட்டோட 'வரி ஏறுனா பீடிக் கடையில இலையும் தூளும் கொறச்சுத்தான் போடுவான், சொளவ மடியில வச்சிட்டு சும்மா இருக்குத பீடி சுத்துத பொம்பளைக்கு என்ன வழி வச்சிருக்கீங்க'ன்னு துணைக் கேள்வி போட்டாருன்னா, மந்திரி சொல்லுத பதில் அப்படியே அவைக்குறிப்புல நிக்கும், நாளைக்கு அத காட்டியே அவர மடக்கலாம். இப்படி ஒண்ணு கேட்டாரான்னு பாரும். இன்னொண்ணு, மந்திரியா இருக்குத எம்பி கேள்வியே கேக்க மாட்டாரு, அவரு கணக்கு சைபர்ல நிக்கும், அதுக்காக வைய வேண்டாம்.

கேள்வி: சின்னக் கட்சி எம்பிக்கு அஞ்சு நிமிசம் பேசக் குடுக்கதே பெருசு. பேசி என்னத்த மாத்த முடியும்? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: கட்சி பலத்த வச்சுத்தான் நேரம் தம்பி, அது நெசம். ஆனா பேட்டையில பொறந்த முஸ்லிம் லீக் தலைவரு காயிதே மில்லத், 1949 செப்டம்பர்ல அரசியல் நிர்ணய சபையில மொழி விவாதம் நடந்தப்போ தமிழோட பழமைய எடுத்து வச்சுப் பேசுனாரு, இந்திதான் ஆட்சிமொழின்னு முடிவாச்சு, ஆனாலும் அந்தப் பேச்சு இன்னைக்கும் ரெக்கார்டுல கெடக்கு, மொழிச் சண்டை வரும்போதெல்லாம் எடுத்துப் படிக்காவ. பேசி உடனே பலிச்சதும் உண்டு. பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி எம்பிதான், 1957 டிசம்பர்ல எல்ஐசி பணம் முந்திரா கம்பெனி ஷேர்ல எப்படிப் போச்சுன்னு புட்டுப் புட்டு வச்சாரு, விசாரணைக் கமிஷன் வந்து, 1958ல நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா பண்ணுனாரு. பெரோஸ் காந்தியோட மாமனாரு நேரு பிரதமரா இருக்கும்போதே இது நடந்துச்சு, பாத்துக்கோ!

கேள்வி: மந்திரியா இல்லாத எம்பி தானா ஒரு சட்டம் கொண்டு வரலாமா? (வாசகி, ஆலங்குளம்)

பதில்: தாராளமா கொண்டு வரலாம் தாயி, ஆனா அப்படி வந்து சட்டமா ஆனது மொத்தமே 14தான், கடைசியா ஆனது 1970ல. 2015 ஏப்ரல்ல திருச்சி சிவா கொண்டு வந்த திருநங்கையர் உரிமை மசோதா ராஜ்யசபால நிறைவேறுச்சு, லோக்சபால தேறல, அப்புறம் 2019ல அரசாங்கமே தனியா ஒரு சட்டம் போட்டுது. இந்த மசோதாவுக்கெல்லாம் ஒதுக்குன நேரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்நேரம் பாதிப் பேரு ஊருக்கு பிளைட்டு ஏறப் பொட்டி கட்டிருவாவ.