சானல் கரையில் மாடு வளர்ப்பு: வேலிக்கு முன்னால் தொழுவத்து ஓடையைப் பாருங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் எனக்கு 60 சென்ட் தென்னை விளை (தோப்பு) இருக்கிறது. ஓர் எல்லையில் 40 மீட்டர் நீளத்துக்குப் பாசனச் சானல் ஓடுகிறது. கலப்பின ஜெர்சி பசு 4, கிடாரி 2, ஆடு 5 உண்டு. அப்பா காலத்திலிருந்தே தண்ணீர் காட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் சானலில்தான். இப்போது கீழே குளிக்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மாட்டை இறக்கினால் கேஸ் ஆகும் என்கிறார் ஒருவர். உண்மையிலேயே சட்டம் உண்டா? வேலி எந்த இடத்தில், என்ன அளவில் போடுவது? சானலில் சின்ன மோட்டார் வைத்துத் தொட்டிக்கு இறைக்கலாமா?

பதில்: சட்டம் உண்டு. ஆனால் அது மாடு எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்பதைவிட, தண்ணீரில் என்ன கலக்கிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 24ஆம் பிரிவு, தெரிந்தே நீரோடையிலோ கிணற்றிலோ அசுத்தம் கலக்க விடுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் நீரோடை என்றால் ஆறு மட்டுமல்ல. மனிதன் வெட்டிய வாய்க்காலும், அப்போதைக்கு வறண்டு கிடக்கும் வாய்க்காலும் அடங்கும். ஆகவே மார்ச் மாதம் தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும் சானல் சானல்தான். பொதுக்குளம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய தண்டனைச் சட்டம்) 279ஆம் பிரிவும் வரும்: பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேண்டுமென்றே அசுத்தப்படுத்தினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மாடு கரையை இடித்தால் அது வேறு வழக்கு. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், 11ஆம் பிரிவுப்படி, கால்வாயையும் கரையையும் சேதப்படுத்தும் மாட்டை, அந்தக் கால்வாய்க்குப் பொறுப்பானவரோ காவல்துறையோ பிடித்துப் பட்டியில் அடைக்கலாம்.

மோட்டார் விஷயத்தில் பதில் ஒரே வரிதான்: நீர்வளத்துறை அனுமதி இல்லாமல் சானலில் இறைக்காதீர்கள். கிணற்றிலிருந்து எடுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் இதில் பெரியது. தொழுவம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? சானலோரத்து விளைகளில் தொழுவம் பெரும்பாலும் சரிவைப் பார்த்துத்தான் இருக்கும், ஓடையும் நேரே சானலுக்குத்தான் போகும். மாடு தண்ணீரில் நிற்பது நாளுக்கு அரைமணி நேரம். தொழுவத்து ஓடையோ இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்கிறது. வேலிக்குப் பணம் செலவழித்துவிட்டு அந்த ஓடையை அப்படியே விட்டால், கீழே குளிக்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

கணக்கு இது. பசுவுக்கு நாளுக்கு 15 கிலோ, கிடாரிக்கு 8 கிலோ சாணம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 75 கிலோ. இதைத் தண்ணீர் விட்டுத் தள்ளாமல் முதலில் மண்வெட்டியால் வழித்துக் கூடையில் அள்ளுங்கள். அதற்குப் பிறகு கழுவினால் தரைக்கும் மாட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 300 லிட்டர் போதும். ஓடையின் முனையில் 3 அடி விட்டமுள்ள கிணற்று உறை மூன்றை அடுக்கி, அடியில் கான்கிரீட் போட்டு ஒரு தெளிவுத் தொட்டி வையுங்கள். 600 லிட்டர், அதாவது இரண்டு நாள் தண்ணீர் அதில் நிற்கும். வெளியேறும் 3 அங்குல பி.வி.சி. குழாய்க்குத் தொட்டியின் உள்பக்கம் ஒரு எல்போவை (வளைவு இணைப்பு) கீழ்நோக்கி மாட்டுங்கள். இல்லையென்றால் மிதக்கிற வைக்கோல் ஒரே வாரத்தில் குழாயை அடைத்துவிடும். வெளிவரும் தண்ணீரை 5 சென்ட் கோ-4 தீவனப்புல்லுக்கு விடுங்கள். அதை நாலு பாத்தியாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பாத்தி. அடியில் தங்கும் சேற்றை வாரம் ஒருமுறை அள்ளி வாழைக்குப் போடலாம்.

நம் மாவட்டத்தில் இந்த ஏற்பாடு கெட்டுப்போவது மழையில்தான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் நமக்கு உண்டு. 400 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 1,850 லிட்டர் தண்ணீர். அது தொழுவத்து ஓடையில் கலந்தால் தொட்டியில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு சானலுக்குப் போகும். கூரை விளிம்பில் தனித் தகரப் பாத்தி (மழைநீர் வடிகால்) கட்டி, மழைநீரைத் தொழுவத்துக்கு மறுபக்கம் திருப்புங்கள். சாணக்குழிக்கு மேலே ஓலையோ தகரமோ, சுற்றிலும் ஒரு அடி வரப்பு. நம் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சும் என்பதால், குழியும் தொட்டியும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் இருக்கட்டும்.

இனி குடிநீர். கறவைப் பசுவுக்கு நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் தேவைப்படும். வெயில் காலத்தில் இதற்கு மேலும் போகும். தொட்டிக்கும் அதே 3 அடி உறை ஒன்று போதும். அடியில் கான்கிரீட், ஒரு அடி உயரம், ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். இரண்டு உறை வைத்து மிதவை வால்வு போட்டுவிட்டால் ஆறு மாட்டுக்கும் கவலையில்லை. தென்னை நிழலில் வையுங்கள், ஆனால் தேங்காயும் மட்டையும் விழாத இடமாகப் பாருங்கள். சுற்றிலும் 6 அடிக்குக் கருங்கல் ஜல்லி பரப்பாவிட்டால் ஒரே மாதத்தில் அது சேற்றுக்குழி. மாட்டுக்குக் குளம்பு அழுகல் தொடங்குவது அங்கேதான். நாலு நாளுக்கு ஒருமுறை தொட்டியை முழுவதும் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதற்குள் காலி செய்தால் டெங்குப் பயம் இல்லை.

"எங்க மாடு ஓடுற தண்ணிதான் குடிக்கும்" என்று பலரும் சொல்வார்கள். முதல் நாலைந்து நாள் முகம் திருப்பும், உண்மை. சானலுக்கு நடக்கும் அதே பாதையில் தொட்டியை வைத்து, ஒரு கை தவிடும் சிட்டிகை உப்பும் கலந்து காட்டினால் பழகிவிடும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் என்றால் முந்தின நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். ஜெர்சி கலப்பினம் தண்ணீரில் இறங்கி நிற்பது தாகத்துக்காக அல்ல, சூட்டுக்காக. மார்ச்சிலிருந்து மே வரை மதியம் இரண்டு முறை ஹோஸ் பிடித்து முதுகை நனைத்தால் சானல் ஞாபகமே வராது.

வேலி விஷயத்தில் என் கருத்து: கயிற்றில் கட்டி மேய்க்கும் ஆறு மாட்டுக்கு 40 மீட்டர் முழு வேலி அவசியமில்லை. கட்டுக்குற்றி, அதாவது மாடு கட்டும் முளை, இருக்கும் இடம்தான் உங்கள் வேலி. 15 அடிக் கயிறு, கழுத்துக்குப் பின்னால் மாட்டின் உடம்பு ஒரு 7 அடி. குற்றி கரையிலிருந்து 25 அடி தள்ளி இருந்தால், மாடு பின்பக்கம் திருப்பி நின்றாலும் சாணம் சானலில் விழாது. வேலி தேவைப்படுவது மாடு இறங்கி இறங்கித் தேய்ந்த அந்த இறக்கத்துக்கு.

முழுக்கப் போட்டுத்தான் தீர வேண்டும் என்றால், முதலில் வி.ஏ.ஓ.விடம் எஃப்.எம்.பி. (நில அளவை) வரைபடம் பார்த்துப் பட்டா எல்லையை உறுதி செய்யுங்கள். கரை அரசுப் புறம்போக்கு; தூணை அங்கே நட்டால் நீங்களே ஆக்கிரமிப்பாளர், தூர்வார ஜே.சி.பி. வரும்போது தூணும் போகும். ஆறரை அடிக் கல்தூண், இரண்டடி மண்ணுக்குள், பத்தடிக்கு ஒன்று: 14 தூண். முனைத்தூண் இரண்டுக்கும் சாய்வு முட்டு. நாலு வரிசைக் கம்பி. 10 கேஜ் ஜி.ஐ. கம்பி 12 கிலோ வேண்டும். கறவை மாட்டுக்கு முள்கம்பி வேண்டாம், மடியும் காம்பும் கிழியும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது ஆளைக் கொல்லும், குற்றமும் கூட. தூண்களுக்கு இடையில் ஜூன் மழையில் சீமக்கொன்னை (கிளைரிசிடியா) கம்பு, ஐந்தடி நீளம், ஒரு அடி ஆழம், மூன்றடிக்கு ஒன்றாக நட்டால் அடுத்த ஆண்டு வேலிக்கு வேலி, தழைக்குத் தழை. ஆட்டைத் தண்ணீரைவிடக் கரைக்காகத்தான் தடுக்க வேண்டும். அது தண்ணீரில் இறங்காது, கரையைப் பிடித்து நிற்கும் செடியைத் தின்றுவிடும். கீழ் மூன்றடிக்கு வலை கட்டுங்கள்.

சானலில் இறங்காமல் தடுத்த பிறகும் சில மாடுகளைத் தட்டைப்புழு விடாது. காரணம் புல். நத்தையிலிருந்து வெளிவரும் ஈரல் புழுவின் குஞ்சு, தண்ணீரோரப் புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக் காத்திருக்கும். கரைப்புல்லை அறுத்துத் தொழுவத்தில் போட்டால் அதையும் சேர்த்தே போடுகிறோம். தண்ணீர் தொட்ட அடிப்பகுதியை விட்டு மேலே அறுங்கள். வெயில் இருந்தால் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். மூக்கில் சளி ஒழுகி, மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்டால் அது வேறு புழு. நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து ஏறுவது. வயலில் நிற்கிறவர்கள் காலில் வரும் அரிப்புக்கும் இந்த வகைப் புழுக்குஞ்சு ஒரு காரணம். எலிக்காய்ச்சலும் பெயருக்குத்தான் எலி; நோயுள்ள மாட்டின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரும்.

ஆகவே சானலில் தண்ணீர் திறக்கும் ஜூனுக்கு முன் ஒருமுறை, கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து ஒருமுறை, ஒவ்வொரு மாட்டின் புதுச் சாணத்தையும் தனித்தனியாகக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். துர்நாற்றத்தோடு தண்ணீராய்க் கழிந்து தாடையில் வீக்கம் இருந்தால், முட்டை தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுத் தட்டைப்புழு குஞ்சாக இருக்கும்போதுதான் அதிகம் கெடுக்கும், அப்போது முட்டை இடாது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பால் கறக்கும் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளும் இருப்பதால் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

மறுகரை வயலில் தாள் மேய்க்கப் போவதென்றால், தண்ணீர் ஓடும் பிப்ரவரிக் கடைசி வரை பாலம் வழியாகவே ஓட்டுங்கள். மார்ச்சில் சானல் வறண்ட பின் குறுக்கே ஓட்டினால் ஒரே இடத்தில் மட்டும் கடத்தி, விழும் சாணத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். அள்ளாமல் விட்டது ஜூனில் திறக்கும் முதல் தண்ணீரோடு கீழே குளிக்கிற படித்துறைக்குத்தான் போய்ச் சேரும்.