கிரிப்டோ வாங்கிய விலையை வரி அறிக்கை பூஜ்யம் என்று காட்டினால்?

மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) மாற்றிய பிட்காயினுக்குப் புது ஆப்பின் அறிக்கை வாங்கிய விலையைப் பூஜ்யமாகக் காட்டுகிறது, அப்படியே தாக்கல் செய்யலாமா என்று.

வேண்டாம். காயின் வந்து சேர்ந்ததுதான் புது ஆப்புக்குத் தெரியும், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது தெரியாது. லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறெதையும் கழிக்க முடியாது. 40,000 ரூபாய்க்கு வாங்கி 50,000-க்கு விற்றால் வரி 3,000, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) தனி. விலை பூஜ்யம் என்றால் 15,000!

பழைய எக்ஸ்சேஞ்சின் டிரேட் ஹிஸ்டரியை இறக்கி, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். இங்கே ஏப்ரல் 1 அதிகாலையில் விற்றது அதில் மார்ச் 31 என்று நிற்கும், நிதியாண்டே மாறிவிடும். கல்ஃபில் இருந்தபோது வாங்கியது என்றால் (நம்ம மாவட்டத்தில் சகஜம்தானே) அந்த ஊர் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். அக்கவுண்டை மூடிவிட்டால் அப்புறம் அலைச்சல்தான்.