பழைய பிரேக்கர் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் சேர்க்கலாமா?

கடலோரக் கல்லடியில் பழைய வீடு, பெட்டியில் எம்சிபி (ஓவர்லோட் ஆனால் துண்டிக்கும் சிறு பிரேக்கர்) மட்டும்தான், வயரிங்கை மாற்றாமல் மின்கசிவுப் பாதுகாப்பு சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், கட்டாயம் சேருங்கள்.

எம்சிபி காப்பாற்றுவது வயரைத்தான், ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபிக்கு, ஒருவரின் உடம்பு வழியாகப் பாயும் 0.1 ஆம்பியர் கண்ணிலேயே படாது. ஆனால் அது உயிரை எடுக்கப் போதும். ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்சிசிபி, லைனில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும்.

மெயின் சுவிட்சுக்கும் எம்சிபிகளுக்கும் இடையில் 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போதும். மெயின் 60 ஆம்பியர் என்றால் 63 வாங்குங்கள். எம்சிபிகள் அப்படியே இருக்கட்டும், ஓவர்லோடை ஆர்சிசிபி கவனிக்காது. எல்லா நியூட்ரலும் அதன் வழியாகவே போக வேண்டும். பழைய வீடுகளில் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான். பூட்டியதும் ட்ரிப் ஆனால் அதைக் கழற்றிவிடாதீர்கள், கசிவைத் தேடுங்கள். கடற்கரை உப்புக்காற்றில் வெளிப்புற பிளக், கிணற்று மோட்டார் இரண்டையும் முதலில் பாருங்கள்.

எர்த் கம்பியையும் சோதிக்கச் சொல்லுங்கள். வேலையைத் தகுதியுள்ள மின்னியலாளரிடமே கொடுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.