பையன் பாஸ்கட்பால் ப்ளேயர் ஆகணும்ங்கிறான், கொழும்புக்கு வந்தது தப்பான்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். பெரியகுளத்துலேர்ந்து வீட்டுக்காரர் வேலைக்காக வெள்ளவத்தைக்கு வந்திருக்கீங்க, பையனுக்கு 15 வயசு, இப்பவே ஆறடி ரெண்டு இஞ்ச், பாஸ்கட்பால்தான் உசுரு, வெளிநாட்டு லீக்ல சம்பளம் வாங்குற ப்ளேயரா ஆகணும்ங்கிறான், "இங்க கூட்டியாந்து அவன் வாழ்க்கையக் கெடுத்துட்டோமாக்கா"ன்னு கேட்டிருந்தீங்க. கெடுக்கல. நான் மதுரைலேர்ந்து கல்யாணமாகி இங்க வந்து பிள்ளைங்கள வளத்து ஆளாக்கிட்டேன், என் மூத்தவனும் இதே பந்தத் தூக்கிட்டு இதே ஊர்லதான் வளந்தான், அதனால தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

உங்க பையன் எதப் பாத்து ஆசப்பட்டிருப்பான்னு எனக்குத் தெரியும். மே மாசம் பெரியகுளத்துல பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை நடக்குமே, லைட் வெளிச்சத்துல, ஊரே திரண்டு வந்து உக்காந்து பாக்குமே, அதப் பாத்து வளந்த பையனுக்கு பந்து மேல பைத்தியம் பிடிக்கலன்னாதான் ஆச்சரியம். ஆனா அங்க வந்து ஆடுறவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. ஐஓபி, இந்தியன் ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ், கேரளா மின்வாரியம், இப்படித்தான் டீம் பேரு இருக்கும். எல்லாரும் ஒரு பேங்க்லயோ படையிலயோ ஸ்போர்ட்ஸ் கோட்டால வேல வாங்கி, அந்தச் சம்பளத்துல குடும்பம் நடத்தி, டிபார்ட்மென்ட்டுக்காக ஆடுறவங்க. ஆட்டம் நின்னப்புறமும் ஆபீஸ் நாற்காலி இருக்கும், பென்ஷன் இருக்கும். அது கௌரவமான வாழ்க்கை, நான் கொறச்சு சொல்லல, ஆனா பையன் கேக்குறது அது இல்ல. இலங்கையிலயும் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான், ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் டீம், அப்புறம் கம்பெனிக்காரங்க ஆடுற மேர்க்கன்டைல் போட்டி. பந்த மட்டும் நம்பி வருஷம் பூரா சம்பளம் வாங்குற லீக் இங்க இல்ல. இந்தியாவுல யூபிஏன்னு ஒரு லீக் 2015ல ஆரம்பிச்சாங்க, நிலைக்கல. அதனால ஊர்ல இருந்திருந்தா நேரா ப்ரொஃபஷனல் ஆயிருப்பான்னு நெனச்சு அழாதீங்க, அந்தக் கதவு அங்கயும் தெறந்து இருக்கல.

சத்னம் சிங் கதைய பையனுக்கு முழுசா சொல்லுங்க, பாதியோட நிறுத்தாதீங்க. பஞ்சாப்ல பல்லோ கேங்கிற சின்ன கிராமத்து விவசாயி மகன், ஏழடி ரெண்டு இஞ்ச். லூதியானா அகாடமில பழகி, 2010ல 14 வயசுல ஸ்காலர்ஷிப்ல ஃப்ளோரிடால ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார், போகும்போது இங்கிலீஷ் பேச வராது. 2015ல என்.பி.ஏங்கிற அமெரிக்காவோட பெரிய லீக்ல டிராஃப்ட், அதாவது டீம்கள் வரிசையா புது ப்ளேயர எடுக்குற தேர்வு, அதுல டல்லஸ் மாவெரிக்ஸ் டீம் 52வதா எடுத்தாங்க, இந்தியாவுல பொறந்து வளந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள், நம்ம பத்திரிகை எல்லாம் கொண்டாடுச்சு. இதுவரைக்கும்தான் எல்லாரும் சொல்வாங்க. அப்புறம் நடந்தது என்னன்னா, அவர் ஒரு என்.பி.ஏ மேட்ச்ல கூட கால் வைக்கல. கீழ் லீக்ல டெக்சஸ் லெஜண்ட்ஸ்ல ரெண்டு சீசன், பிறகு கனடால ஒரு டீம், 2019ல ஊக்கமருந்து சோதனைல மாட்டி ரெண்டு வருஷம் தடை, 2021ல அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி ஒண்ணுல சேந்துட்டார். அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன், அந்த உயரத்துக்கு ஏறிப் போனதே பெரிய விஷயம். ஆனா ஒண்ணு கவனிங்க, காலேஜ் டீம்ல சேர அவரோட படிப்புத் தகுதி பத்தல, அதனாலதான் பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா டிராஃப்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. நாலு வருஷம் காலேஜ்ல ஆடியிருந்தா கதையே வேற மாதிரி போயிருக்கலாம்னு எனக்கு இன்னும் மனசு அடிச்சுக்குது.

அதுக்கப்புறம் பிரின்ஸ்பால் சிங்னு இன்னொரு பஞ்சாப் பையன், நொய்டா பக்கம் என்.பி.ஏ ஆரம்பிச்ச அகாடமில பயிற்சி எடுத்தவர். புதுப் பசங்கள சோதிச்சுப் பாக்க என்.பி.ஏ வெயில் காலத்துல நடத்துற சம்மர் லீக்க 2021ல ஜெயிச்ச சாக்ரமென்டோ டீம்ல இருந்தார். அவருக்கும் பெரிய லீக்ல எடம் கெடைக்கல. கணக்கப் பாருங்க, என்.பி.ஏல 30 டீம், டீமுக்கு 15 பேர் முழு கான்ட்ராக்ட், கூட மூணு பேர் என்.பி.ஏக்கும் அதுக்குக் கீழ இருக்குற ஜி லீக்குக்கும் போய் வர்ற கான்ட்ராக்ட், ஆக உலகம் முழுசுக்கும் 540 எடம். சராசரியா நாலஞ்சு வருஷத்துல ஆட்டம் முடிஞ்சிரும். ஜி லீக்ல சீசனுக்கு 40 ஆயிரம் டாலர் சொச்சம்தான், அமெரிக்க விலைவாசிக்கு அது பெரிய காசே இல்ல.

ஆனா ப்ரொஃபஷனல்னா என்.பி.ஏ மட்டும் இல்ல, இத எங்க பக்கத்துல யாரும் சொல்லித் தர்றதில்ல. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ்னு நெறைய நாட்டுல லீக் இருக்கு, ரெண்டாம் டிவிஷன் மூணாம் டிவிஷன்ல கூட சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிறாங்க. வெளிநாட்டு ப்ளேயருக்கு பெரும்பாலும் வீடு குடுப்பாங்க, சில எடத்துல காரும் குடுப்பாங்க, கான்ட்ராக்ட் அந்த சீசனோட முடியும், அடுத்த வருஷம் எந்த நாடுன்னே தெரியாது, முட்டி போச்சுன்னா புது டீம் கெடைக்கிறதே கஷ்டம். சம்பளம் இழுத்தடிக்கிற கிளப்பும் உண்டு, அதுக்குன்னே ஃபிபாங்கிற உலக பாஸ்கட்பால் சங்கம் 2007ல தனியா ஒரு பஞ்சாயத்து அமைப்பு வச்சிருக்குன்னா எவ்ளோ பிரச்சனை வந்திருக்கும்னு பாத்துக்கோங்க. காலைல வெயிட்ஸ், அப்புறம் ஷூட்டிங், மத்தியானம் எதிர் டீமோட வீடியோ, சாயங்காலம் மறுபடி ப்ராக்டிஸ், ஐஸ் கட்டி வச்சுக் கால நீட்டிட்டு தனியா ஒரு ஃப்ளாட்ல சமச்சு சாப்பிடுற வாழ்க்கை அது. இத விரும்பி ஏத்துக்கிற மனசு இருக்கான்னு பையன்கிட்ட கேளுங்க, இருந்தா நான் அவன் பக்கம்.

உயரத்த மட்டும் வச்சு பயப்படாதீங்க, ஆசயும் படாதீங்க. யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கத்தப் பாருங்க, ஆறடி பத்து இஞ்ச், நெட்பால்ல ஆஸ்திரேலியா வரைக்கும் போய் ஆடின பொண்ணு. வெறும் உயரம் மட்டுமா அவங்கள அங்க கொண்டுபோச்சு, உள்ள போட்டா பந்து வளையத்துக்குள்ள விழும்ங்கிற அந்தக் கைதானே! என் மக அவங்க ஆட்டத்தப் பாத்துத்தான் நெட்பால் ஆட ஆரம்பிச்சா. ஆறடி ரெண்டுங்கிறது வெளிநாட்டு லீக்ல வெளிய நின்னு பந்த கொண்டுபோற கார்டு உயரம், வளையத்துக்குக் கிட்ட உள்ள நின்னு ஆடுற சென்டர் உயரம் இல்ல. நம்ம ஊர்ல ஸ்கூல் டீம்ல உயரமான பையன வளையத்துக்கு கீழயே நிக்க வச்சிருவாங்க. இங்க கோச்கிட்ட சொல்லி பந்த தட்டிட்டு போறது, ரெண்டு கையாலயும் பாஸ், தூரத்து ஷாட் இதெல்லாம் பழக வைங்க. வளர்ற வயசுல முட்டிக்கு கீழ எலும்பு வீங்கி வலிச்சா மறைக்காம சொல்லச் சொல்லுங்க, இங்க நெறைய கோர்ட் சிமெண்ட் தரை, தினம் அதுல குதிச்சா வலி கூடும்.

இந்தத் தீவுல தமிழ்ப் பசங்களுக்கு இந்த ஆட்டம் புதுசு இல்ல தெரியுமா. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரில யூஜின் ஹெபர்ட்னு அமெரிக்க ஜேசுசபை சாமியார் ஒருத்தர் பசங்களுக்கு பாஸ்கட்பால் சொல்லிக் குடுத்து பெரிய டீமா ஆக்கி வச்சார். 1990 ஆகஸ்ட்ல வாழைச்சேனைலேர்ந்து மட்டக்களப்புக்கு வரும்போது காணாமப் போனவர்தான், இன்னிக்கு வரைக்கும் தகவல் இல்ல. வயசான மட்டக்களப்புக்காரங்க யாராவது அக்கம்பக்கத்துல இருந்தா ஃபாதரப் பத்திக் கேளுங்க, கண்ணு கலங்கிப் பேசுவாங்க.

இப்ப இங்க என்ன செய்யணும்னா, ஸ்கூல் எடுக்கிறதுதான் முக்கியம். வெள்ளவத்தைலேர்ந்து சுகததாச உள்ளரங்கு நகரத்தோட அந்தப் பக்கம், சாயங்காலம் காலி ரோடு ட்ராஃபிக்ல பஸ்ஸுல போய் வந்தா படிக்க நேரமே இருக்காது, அதனால ஸ்கூல்லயோ பக்கத்துலயோ கோர்ட் இருக்கணும். அக்டோபர் நவம்பர்ல சாயங்காலமானா மழ கொட்டும், கூர இல்லாத கோர்ட்னா அந்த மாசங்கள்ல பாதி ப்ராக்டிஸ் போச்சு. படிப்பு விஷயத்துல விட்டுக்குடுக்காதீங்க. அமெரிக்க காலேஜ் போட்டில மேல் தட்டான டிவிஷன் ஒண்ணுல ஆட 16 முக்கிய பாடம் முடிச்சிருக்கணும், ஒன்பதாம் வகுப்புலேர்ந்து எடுக்கிற மார்க்கே கணக்குல வருது. இங்க இங்கிலீஷ்ல படிக்கிறது அவனுக்கு நல்லதுதான், சத்னம் தவிச்ச மாதிரி இவன் தவிக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்ட மாத்துங்க, இலங்கை டீம்ல ஆடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இந்தியா ரெட்டைக் குடியுரிமை தராது, அதுவும் 16 வயசுக்கு மேல குடியுரிமை வாங்கினவங்கள ஒரு நாட்டு டீம்ல ஒரே ஒருத்தரத்தான் ஃபிபா விடும். இந்திய பாஸ்போர்ட் அப்படியே இருக்கட்டும், மதுரைக்கு ஃப்ளைட் ஒரு மணி நேரம்தான், லீவுக்குப் போனா ஊர்ல பழைய கோச்கிட்ட விடுங்க, தேனி மாவட்ட ஆளுங்களோட தொடர்ப விட்டுறாதீங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டா வழியும் அவனுக்குத் தெறந்தே இருக்கணும்.

ஏஜென்ட்னு சொல்லிட்டு காசு கேட்டு வர்றவங்க கிட்ட ஜாக்கிரத. என் மூத்தவனுக்கும் ஒருத்தர் வந்தார், வெளிநாட்டு கிளப் ரெடி, முன்பணம் மட்டும் கட்டுங்கன்னார், அவர் நாங்க கேள்வி கேட்டதும் போன் எடுக்கல. அசல் ஏஜென்ட் கான்ட்ராக்ட் காசுலேர்ந்துதான் கமிஷன் எடுப்பார். 18 வயசுக்கு முன்னாடி பசங்கள நாடு விட்டு நாடு கிளப் மாத்த ஃபிபா லேசுல விடாது. மூத்தவன் இப்ப ஒரு ஆபீஸ்ல வேல பாத்துட்டு மேர்க்கன்டைல்ல ஆடுறான், சந்தோஷமா இருக்கான்.

ஸ்கூல்ல அட்மிஷன் காசு கட்டுறதுக்கு முன்னாடி பிரின்சிபால்கிட்ட இல்ல, பாஸ்கட்பால் கோச்கிட்ட நேரா போய், போன வருஷம் எந்தெந்த டோர்னமென்ட்ல இறங்கினீங்க, வெளிநாட்டு பாஸ்போர்ட் பையன அதுல விடுவாங்களா, வாரத்துல எத்தன நாள் ப்ராக்டிஸ்னு கேளுங்க. பையனையும் கூட்டிட்டுப் போங்க, ஷூவோட.